பிடிவிடாத பால் ஜாயின்ட்

முன்சக்கரங்களால் இயங்கும் காரில் ஆக்சிலை மாற்றும்போது மிகுந்த நேரத்தையும் உழைப்பையும் கேட்பது பெரும்பாலும் ஆக்சில் அன்று; அது வெளியே வருவதற்கு வழிவிட வேண்டிய பால் ஜாயின்ட் என்னும் சிறிய உருண்டை மூட்டுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்த உறுப்பு, ஓடும் காரில் ஒருபோதும் கழன்றுவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டிருப்பதால், கழற்ற வேண்டிய நாளிலும் அதே உறுதியோடு பிடித்துக்கொண்டு நிற்கிறது. நட்டைக் கழற்றிய பிறகும் மூட்டு அசையாதபோது, கண்ட இடத்தில் அடித்து மரையை நசுக்குவதும், ரப்பர் உறையைக் கிழிப்பதும், நல்ல நிலையில் இருந்த மூட்டையே கெடுத்துவிடுவதும் பட்டறைகளில் அடிக்கடி நேர்கின்றன. இந்த இழப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. மூட்டு எதனால் இறுகி நிற்கிறது என்பதை அறிந்தவருக்கு, அதை எங்கே தட்டினால் விடும் என்பதும் தெரிந்துவிடும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. அவற்றில் எஞ்சினின் சுழற்சி, காரின் அடியில் நீளவாக்கில் செல்லும் தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சென்றது. பின்சக்கரங்கள் திரும்ப வேண்டியதில்லை என்பதால் அவற்றின் ஆக்சில் ஓர் இரும்புக் கூட்டுக்குள் நேராகக் கிடந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் இந்தியாவில் பரவத் தொடங்கிய முன்சக்கர இயக்க அமைப்பில், ஒரே சக்கரம் காரை இழுக்கவும் வேண்டும், ஓட்டுநர் திருப்பும் பக்கம் திரும்பவும் வேண்டும், பள்ளம் மேடுகளில் ஏறி இறங்கவும் வேண்டும். ஆகவே கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு, சுழன்றுகொண்டே வளையக்கூடியதாக இருந்தாக வேண்டும். இதற்கான மாறாவேக மூட்டை, அதாவது எந்தக் கோணத்தில் வளைந்திருந்தாலும் உள்ளே வரும் சுழற்சியை அதே வேகத்தில் தடங்கலின்றி வெளியே தரும் மூட்டை, 1920-களின் பிற்பகுதியில் ஆல்ஃபிரட் செப்பா என்னும் பொறியாளர் உருவாக்கினார். வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள் உருளும் அந்த அமைப்பு, 1959-இல் வெளிவந்த பிரிட்டனின் மினி காரின் வழியாகச் சாதாரண மக்களின் கார்களுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய சிறிய கார்களின் ஆக்சிலில் சக்கரத்தின் பக்கம் இருப்பது பெரும்பாலும் அதே மூட்டுதான். கியர் பெட்டியின் பக்கம் இருப்பது, வளைவதோடு நீளமும் சற்றுக் கூடிக் குறையக்கூடிய இன்னொரு வகை.

இந்த மூட்டுகளை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையைப் பட்டறைகளில் பூட் என்கிறார்கள். பூட் வெடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறிச் சக்கரத்தின் உட்புறமெங்கும் தெறிக்கிறது, அதற்கு ஈடாகத் தூசியும் நீரும் உள்ளே புகுகின்றன, குண்டுகளும் பள்ளங்களும் தேயத் தொடங்குகின்றன. ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி வண்டியை நகர்த்தும்போது சக்கரத்தருகே ‘டக் டக்’ என்று கேட்கும் ஒலி, வெளி மூட்டு தேய்ந்துவிட்டதற்கான அடையாளம். ஒலி வரும் வரை விட்டுவிட்டால் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆக்சிலை முழுதாகவோ, குறைந்தது வெளி மூட்டையோ மாற்றியாக வேண்டும்.

ஆக்சிலின் வெளி முனை, பற்கள் வெட்டப்பட்ட தண்டாகச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் நுழைந்து, ஒரு பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. ஹப்பையும் அதன் பேரிங்கையும் தாங்கியிருக்கும் கனமான வார்ப்புப் பகுதிக்கு நக்கிள் என்று பெயர். நக்கிள் மூன்று இடங்களில் காருடன் பிணைக்கப்பட்டுள்ளது: மேலே, சுருள்வில்லும் அதிர்வு தாங்கியும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், பக்கவாட்டில், ஸ்டீயரிங்கின் அசைவைக் கொண்டுவரும் டை ராடு, கீழே, காரின் அடிச்சட்டத்திலிருந்து நீண்டு வரும் லோயர் ஆர்ம். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஃபோர்டு நிறுவனத்தின் கான்சல் காரில் புழக்கத்துக்கு வந்த இந்த அமைப்பு, அதை வகுத்த பொறியாளரின் பெயரால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் எனப்படுகிறது. ஆக்சிலின் பல்முனையை ஹப்பிலிருந்து உருவ, நக்கிளைச் சில அங்குலங்கள் வெளிப்பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும். மூன்று பிணைப்புகளும் அப்படியே இருக்கும்போது அது முடியாது. மேலேயுள்ள பிணைப்பை அவிழ்த்தால் சக்கரத்தின் சாய்வுக் கோணம் மாறிவிடக்கூடும் என்பதால், கீழேயுள்ள பிணைப்பை அவிழ்ப்பதே வழக்கமான முறை. அந்தக் கீழ்ப் பிணைப்புதான் பால் ஜாயின்ட்.

பால் ஜாயின்ட்டின் உள்ளே, ஒரு முனை உருண்டையாகவும் மறுமுனை தண்டாகவும் செய்யப்பட்ட எஃகு உறுப்பு ஒன்று இருக்கிறது. உருண்டை, ஒரு கிண்ணம் போன்ற கூட்டுக்குள், வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் உட்பூச்சின் மேல் அமர்ந்திருக்கிறது. தண்டு கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உருண்டை எந்தப் பக்கமும் அசையலாம், ஆனால் கூட்டைவிட்டு வெளியே வர முடியாது. கூட்டின் வாயை ஒரு சிறிய ரப்பர் உறை மூடி, கிரீஸைக் காக்கிறது. இந்த உருண்டைப் பகுதி இறுகிவிடுவது வேறு, தண்டு தன் துளையில் சிக்கிக்கொள்வது வேறு. மூட்டு ‘பிரிய மறுக்கிறது’ என்று மெக்கானிக் சொல்லும்போது அவர் குறிப்பிடுவது எப்போதும் இரண்டாவதைத்தான். கூடு லோயர் ஆர்மில் இருந்தால் தண்டு நக்கிளின் துளையில் சிக்கியிருக்கும். ஹோண்டாவின் பல கார்களைப் போலக் கூடு நக்கிளிலேயே இருந்தால், தண்டு கீழ்நோக்கி நீண்டு லோயர் ஆர்மின் துளையில் சிக்கியிருக்கும். எதில் எது நுழைந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளாமல் வேலையைத் தொடங்குபவர், தவறான பகுதியில் அடித்துக்கொண்டிருப்பார்.

தண்டைத் துளையில் நிலைநிறுத்த இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்றில் தண்டு நேரான உருளை. நக்கிளின் துளை ஒரு பக்கம் பிளவுபட்டிருக்கும். குறுக்கே செல்லும் போல்ட்டு ஒன்று அந்தப் பிளவை இறுக்கித் தண்டைக் கவ்வச் செய்யும். மாருதி 800 தொடங்கி, சுசுகியின் வழிவந்த பல சிறிய கார்களில் காணப்படுவது இதுவே. மற்றொன்றில் தண்டு கூம்பாகச் சரிந்திருக்கும். துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். தண்டின் முனையிலுள்ள மரையில் நட்டை இறுக்கும்போது கூம்பு துளைக்குள் இழுக்கப்பட்டு அமர்ந்துவிடும். இரண்டில் கூம்பு வகையே இயந்திரவியல் நோக்கில் அழகானது. பிரிப்பவருக்குத் தொல்லை தருவதும் அதுவே.

கூம்பின் பிடி எவ்வளவு வலியது என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் காணலாம். பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறையும் சரிவு, அதாவது பத்துக்கு ஒன்று என்ற சரிவு, இத்தகைய மூட்டுகளில் பழக்கமானது. இதில் கூம்பின் பக்கம் அதன் நடுக்கோட்டுடன் மூன்று பாகைக்கும் குறைவான கோணத்தையே உண்டாக்குகிறது. எஃகின் மேல் எஃகு வழுக்கத் தொடங்க வேண்டுமானால், உராய்வுக் கெழுவை 0.15 என்று கொண்டால், ஏறத்தாழ எட்டரைப் பாகைச் சாய்வு வேண்டும். சரிவு அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பதால், உள்ளே இழுக்கப்பட்ட கூம்பு தானாக வழுக்கி வெளியே வருவதற்கு வழியில்லை. நட்டைக் கழற்றினாலும் அது அப்படியே நிற்கும். பொறியியலில் இதைத் தற்பிடிக் கூம்பு என்று சொல்லலாம். துளையிடும் இயந்திரங்களிலும் கடைசல் இயந்திரங்களிலும் பயன்படும் மோர்ஸ் கூம்பு, அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸின் பெயரால் 1860-கள் முதல் வழங்கிவருவது. கோவையின் எந்தப் பட்டறையிலும் காணக்கூடிய அந்தக் கூம்பில், துளைக்கும் அலகு எந்த நட்டும் இல்லாமலே பிடித்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

கணக்கை இன்னும் சற்று நீட்டினால் மெக்கானிக்கின் சங்கடம் தெளிவாகும். 12 மில்லிமீட்டர் மரையுள்ள ஒரு நட்டை 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால், அது கூம்பைத் துளைக்குள் இழுக்கும் விசை ஏறத்தாழ 25,000 நியூட்டன். இரண்டரை டன் எடை தொங்குவதற்கு நிகரானது. அந்த இழுப்பு ஆப்புப்போல் வேலை செய்து, துளையின் சுவரின் மேல் அதைப்போல் ஐந்து மடங்கு பக்கவாட்டு அழுத்தத்தை உண்டாக்குகிறது. துருவோ அழுக்கோ சிறிதும் இல்லாத புதிய மூட்டாக இருந்தால்கூட, நட்டைக் கழற்றியபின் கூம்பை நேராக இழுத்து எடுக்க ஒரு டன்னுக்கும் மேற்பட்ட விசை தேவைப்படும் என்பதே இதன் முடிவு. லோயர் ஆர்மின் மேல் கடப்பாரையைக் கொடுத்து ஒருவர் தன் முழு எடையையும் சாய்த்தாலும் மூட்டு அசையாமல் நிற்பதில் வியப்பு எதுவும் இல்லை.

இதற்கு மேல் துரு சேருகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால், கூம்புக்கும் துளைக்கும் இடையே கசிந்த ஈரம் உண்டாக்கும் துரு, இடமின்றி இரு பக்கமும் அழுத்திப் பிடியை மேலும் இறுக்குகிறது. பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் வட அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளில் ஓடும் கார்களில் இது மிகக் கடுமையாக இருக்கும். கடற்காற்று படும் ஊர்களிலும், மழைநீர் தேங்கும் தெருக்களில் ஓடும் கார்களிலும் ஓரளவு காணப்படும். நக்கிள் அலுமினியத்தால் ஆனதாக இருந்தால் சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது: ஈரத்தின் முன்னிலையில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகி, வெண்ணிறத் தூளாக உருவாகும் அலுமினிய ஆக்சைடு இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் வந்த அவுடி ஏ4 காரின் முன்பக்க மேல் ஆர்ம்களைப் பிடித்திருக்கும் நீண்ட குறுக்கு போல்ட்டு, இதே காரணத்தால் உலகெங்கும் மெக்கானிக்குகளிடையே பேர்போனது.

பிரிக்கும் முறைகளுக்குச் செல்லுமுன், வேலையின் ஒழுங்கைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இங்கே நேரும் காயங்களில் பல, மூட்டைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. ஆக்சிலின் முனையிலுள்ள பெரிய நட்டு பல சிறிய கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டிய விசையில் இறுக்கப்பட்டிருப்பதால், சக்கரம் தரையில் ஊன்றி, பிரேக் பிடித்த நிலையிலேயே அதைத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியின் மேல் நிற்கும் காரில் நீண்ட கம்பி போட்டு அந்த நட்டைத் திருகுவது காரையே கவிழ்க்கக்கூடிய செயல். ஆக்சில் நட்டு தளர்ந்தபின் காரை அந்தச் சக்கரத்தின் மேல் உருட்டவும் கூடாது, பேரிங் கெடும். காரை உயர்த்தியபின் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவைக்கக் கூடாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்து உயர்த்த வேண்டும் என்பது. இருபக்க லோயர் ஆர்ம்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்னும் வளைந்த எஃகுக் கம்பி, ஒரு பக்கம் மட்டும் தூக்கப்பட்டால் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்து ஆர்மை மேல்நோக்கித் தள்ளும். மூட்டைப் பிரிப்பதற்கு ஆர்ம் கீழே இறங்க வேண்டியிருக்க, கம்பி அதற்கு எதிராக இழுத்துக்கொண்டிருக்கும். இரு பக்கமும் தொங்கினால் அந்த முறுக்கு நீங்கிவிடும். மெக்ஃபெர்சன் அமைப்பில் சுருள்வில் ஸ்ட்ரட்டுக்குள் அடைபட்டு இருப்பதால், பால் ஜாயின்ட்டைப் பிரிக்கும்போது வில் பாய்ந்து வெளியேறும் ஆபத்து இல்லை. ஆனால் சுருள்வில் நேரடியாக லோயர் ஆர்மின் மேல் அமர்ந்திருக்கும் இரட்டை ஆர்ம் அமைப்புள்ள வண்டிகளில், ஆர்மை ஜாக்கியால் தாங்காமல் மூட்டைப் பிரிப்பது உயிருக்கே உலை வைக்கும்; அங்கே வில்லை அடக்கிவைத்திருப்பது அந்த மூட்டு ஒன்றுதான்.

கூம்பு மூட்டைப் பிரிப்பதற்குச் சிறந்த வழி, அதை இழுப்பதைவிட அது அமர்ந்திருக்கும் துளையை ஒரு கணம் உருக்குலைப்பதே. முதலில் நட்டைப் பூட்டியிருக்கும் ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, முழுதும் கழற்றாமல் சில மரைகளில் தங்கவிட வேண்டும். மூட்டு திடீரென்று விடும்போது ஆர்ம் பாய்ந்து விழாமல் அந்த நட்டு தடுக்கும். துருப்பிடித்த இடத்தில் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து, முடிந்தால் முந்தைய இரவே ஊறவிடலாம். பிறகு தண்டை விட்டுவிட்டு, தண்டு நுழைந்திருக்கும் நக்கிளின் வளையத்தை, அதாவது துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியை, ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியலால் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கனமான சுத்தியலை அண்டக்கொடுத்துக்கொண்டு அடித்தால் அடியின் பலன் கூடும்.

இந்த அடியின் விளைவு எளிமையானது. வட்டமான துளை, அடி விழும் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு முட்டை வடிவாகச் சற்று நசுங்கி மீள்கிறது. அந்தக் கணத்தில் கூம்பின் இரு பக்கங்களில் அழுத்தம் குறைந்து உராய்வு தளர்கிறது. சுவரில் தேங்கியிருந்த அழுத்தமே கூம்பைப் பின்னோக்கித் தள்ளிவிடுகிறது. அதே நேரத்தில் லோயர் ஆர்மின் மேல் நீண்ட கம்பியைக் கொடுத்துக் கீழ்நோக்கி ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால், சில அடிகளிலேயே ‘டப்’ என்ற ஒலியுடன் மூட்டு விழும். முதல் இரண்டு மூன்று அடிகளில் எதுவும் நிகழாமல் போவதால் பலர் இந்த முறையைக் கைவிட்டுவிடுகிறார்கள். அடி தயக்கத்தோடு விழுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். நக்கிள் வார்ப்பிரும்பாலோ எஃகாலோ ஆனதாக இருக்க வேண்டும் என்பது இங்கே இன்றியமையாத நிபந்தனை. அலுமினிய நக்கிளைச் சுத்தியலால் அடித்தால் அது நசுங்கும், விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். சுத்தியலின் முகம் மற்றொரு சுத்தியலின் முகத்தில் நேரடியாக மோதினால் கடினமான எஃகுச் சில்லுகள் தெறித்துக் கண்ணைக் குருடாக்கக்கூடும் என்பதால், கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான செயல்தான் மிகப் பரவலாகச் செய்யப்படுவது: தண்டின் மரை முனையில் அடிப்பது. அந்த அடி கூம்பு வெளியேற வேண்டிய திசையிலேயே செல்கிறது என்பதால் அது சரியெனத் தோன்றும். ஆனால் அடி முதலில் படுவது மரையில், மரை பூப்போல் விரிந்துவிட்டால் நட்டு ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. அடியின் எஞ்சிய வேகம் உருண்டையின் வழியாகப் பிளாஸ்டிக் உட்பூச்சில் இறங்கி மூட்டைத் தளரச் செய்கிறது. மூட்டையும் சேர்த்து மாற்றப்போகிறோம் என்று முடிவு செய்திருந்தால் தவிர, இந்த வழியை நாடக் கூடாது.

இரண்டு பற்கள் கொண்ட கவை வடிவ ஆப்பு ஒன்று எல்லாப் பட்டறைகளிலும் இருக்கும். அதைக் கூட்டுக்கும் நக்கிளுக்கும் இடையே நுழைத்துப் பின்னாலிருந்து அடித்தால், ஆப்பின் சரிவு இரண்டையும் பிளந்து மூட்டை விடுவிக்கும். வேகமான கருவிதான், ஆனால் நுழையும் வழியில் இருக்கும் ரப்பர் உறையை அது கிழிக்காமல் விடுவது அரிது. ஆக்சிலை மட்டும் மாற்ற வந்த காரில் நல்ல பால் ஜாயின்ட்டின் உறையைக் கிழித்துவிட்டு அப்படியே திரும்பப் பூட்டி அனுப்புவது, உரிமையாளருக்குத் தெரியாமல் அவருக்குச் செய்யும் தீங்கு. சில மாதங்களில் அந்த மூட்டு ஆடத் தொடங்கும். இதைவிட நேர்த்தியானது திருகு வகைப் புல்லர். ஒரு தாடை ரப்பர் உறைக்கும் நக்கிளுக்கும் இடையே தண்டைக் கவ்வியிருக்க, மறு தாடையின் திருகு தண்டின் முனையை அழுத்துகிறது. மேற்சொன்ன கணக்கில் வந்த டன் கணக்கான விசையை ஒரு ஸ்பானரின் உதவியோடு அது உண்டாக்கிவிடும். புல்லரை நன்றாக இறுக்கியபின் அதன் போக்கில் மேலும் மேலும் திருகிக்கொண்டே போகாமல், நிறுத்திவிட்டு நக்கிளின் பக்கத்தில் ஓர் அடி கொடுப்பது தேர்ந்தவர்களின் வழக்கம். இழுப்பு ஒரு பக்கம் காத்திருக்க, அதிர்வு உராய்வை உடைக்க, இரண்டும் சேர்ந்து எந்த உறுப்பையும் கெடுக்காமல் வேலையை முடிக்கின்றன. இக்கட்டுரையில் கூறப்படும் முறைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், அது இதுவே.

நெருப்பைப் பயன்படுத்துவோரும் உண்டு. எஃகு நூறு பாகை சூடேறினால் 15 மில்லிமீட்டர் துளை நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விரிகிறது; துளையை மட்டும் விரைந்து சூடாக்கி, தண்டு சூடேறும் முன் அடித்தால் அந்தச் சிறு விரிவும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அருகிலேயே ரப்பர் உறையும் கிரீஸும் இருக்கின்றன, சக்கர பேரிங்கும் வேக உணரியின் கம்பியும் இருக்கின்றன. மூட்டுகளின் உட்பூச்சாகப் பெரிதும் பயன்படும் அசிட்டால் பிளாஸ்டிக் 175 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். சூடான மூடிய கூட்டுக்குள் கிரீஸ் கொதித்து அழுத்தம் ஏறினால் மூட்டு வெடித்துத் தெறிக்கவும் கூடும். மூட்டைக் குப்பைக்குப் போடுவது என்று முடிவான பின்னரும், வேறு எல்லா வழிகளும் தோற்ற பின்னருமே நெருப்பு வர வேண்டும். அலுமினியத்தின் மேல் அப்போதும் வரக் கூடாது.

குறுக்கு போல்ட்டு வகையில் அணுகுமுறை வேறு. அந்தத் தண்டின் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். போல்ட்டு அந்தப் பள்ளத்தின் வழியாகவே செல்வதால், அதைத் தளர்த்தினால் போதாது, முழுதும் உருவி எடுத்தாக வேண்டும். இதை அறியாமல் போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஆர்மோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது புதியவர்களிடம் காணப்படும் பிழை. போல்ட்டு வெளியே வந்தபின் பிளவில் ஒரு தட்டை உளியையோ, அதற்கென்றே உள்ள விரிக்கும் கருவியையோ மெல்லச் செருகினால் துளை சற்று அகன்று தண்டு இறங்கும். அளவுக்கு மீறி விரித்தால் நக்கிளின் காது உடைந்துபோகும். அதை ஒட்டவைக்க வழியில்லை, நக்கிளையே மாற்ற வேண்டும். துருவேறிய போல்ட்டு உள்ளேயே முறிந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், எண்ணெயிட்டு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருகி எடுக்கும் பொறுமை இங்கே வேண்டும்.

சில சமயம் கூம்பு முன்கூட்டியே விட்டுவிட்டு, நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். லோயர் ஆர்மின் கீழே ஜாக்கியை வைத்து மேல்நோக்கி அழுத்தினால் கூம்பு மறுபடியும் துளையில் பிடித்துக்கொள்ளும். அப்போது நட்டு கழலும்.

பால் ஜாயின்ட்டைப் பிரிக்கவே வேண்டாத கார்களும் இருக்கின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை. டொயோட்டா கொரோலாவின் பல தலைமுறைகளில், பால் ஜாயின்ட்டின் கூடு லோயர் ஆர்முடன் ஒரு போல்ட்டாலும் இரண்டு நட்டுகளாலும் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்த மூன்றையும் கழற்றிவிட்டால் மூட்டு நக்கிளிலேயே தொங்கிக்கொண்டிருக்க, ஆர்ம் கீழே இறங்கிவிடும்; கூம்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அதே காரில் கூம்பின் நட்டு ஆக்சிலின் வெளி மூட்டை ஒட்டி, புல்லர் நுழைய இடமில்லாத நெருக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது, இந்த மாற்று வழியை வடிவமைத்தவர்கள் பழுதுபார்ப்பவரை மனத்தில் வைத்திருந்தார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. பிற கார்களில் மூட்டு எதற்கும் அசையாவிட்டால், நக்கிளை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, மேற்பக்கத்தைச் சாய்த்து ஆக்சிலை உருவலாம். கழற்றுமுன் இரண்டும் சேரும் இடத்தில் கோடு கீறிவைத்து, திரும்பப் பூட்டும்போது அதே கோட்டில் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் பின்னர் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்வது நல்லது.

மூட்டு விட்டபின் ஆக்சிலை எடுப்பது எளிது. ஆனாலும் தண்டைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் உள் மூட்டு பூட்டுக்குள்ளேயே கழன்றுவிடும். கியர் பெட்டியோடு சேரும் இடத்தில் நெம்பி எடுக்க வேண்டும். அங்கிருந்து வழியும் எண்ணெயைப் பிடிக்க ஒரு தட்டு கீழே இருக்க வேண்டும். நக்கிளை வெளியே சாய்க்கும்போது பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

திரும்பப் பூட்டும்போது செய்யும் பிழைகள் பிரிக்கும்போது செய்யும் பிழைகளைவிட ஆபத்தானவை. கூம்பையும் துளையையும் துரு நீங்கத் துடைத்து உலர்ந்த நிலையில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை எளிதாகக் கழல வேண்டுமென்று கிரீஸ் தடவினால், உராய்வு குறைந்து கூம்பு தேவைக்கு மேல் உள்ளே இழுபட்டுத் துளையின் சுவரை வருத்தும். நட்டைத் தயாரிப்பாளர் குறித்த முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கியபின், ஸ்பிலிட் பின்னின் துளை நட்டின் வெட்டுக்கு நேராக வராவிட்டால், இறுக்கும் திசையிலேயே சற்றுக் கூடுதலாகத் திருப்ப வேண்டுமே தவிர, தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது, சில ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைப்பது. ஆக்சில் நட்டும் புதியதாக இருக்க வேண்டும். ஓடும் காரில் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும்; அதன்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஆக்சில் மாற்றிய காரைப் பட்டறையிலிருந்து எடுக்குமுன், உரிமையாளர் சக்கரத்தின் பின்புறம் குனிந்து பார்த்து, பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்பதையும், கூம்பு வகையாக இருந்தால் நட்டில் புதிய ஸ்பிலிட் பின் மின்னுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உறை கிழிந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டிப் புதிய மூட்டைக் கேட்க வேண்டும். கேட்பதில் தயக்கம் தேவையில்லை.